கேட்டலே வழிபாடாக: யூதர்களின் அன்றாட ‘ஷெமா’ ஓதுதலின் பொருளும் நடைமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

யூதர்கள் நாள்தோறும் மாலையிலும் காலையிலும் ஓதும் ‘ஷெமா’ அச்சமயத்தின் மையமான வழிபாட்டுக் கூறாகும். இதனை மன்றாட்டு என்றோ நம்பிக்கை அறிக்கை என்றோ குறிப்பது வழக்கம். எனினும், இதன் முதற்சொல் இறைவனை விளிக்கவில்லை. ஓதுவோர் சமூகத்தையே விளிக்கிறது. இதில் இறைவனிடம் வைக்கப்படும் வேண்டுகோள் எதுவும் இல்லை. ஷெமாவின் சொற்பொருள், மூன்று பகுதிகளின் உள்ளடக்கம், ஓதும் காலம், குரல், மொழி, உடல்நிலை பற்றிய மிஷ்னா, தல்மூத் விதிகள், கடமையும் விலக்கும், பிற்கால மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இவை யாவும் ‘கேட்டல்’ என்னும் ஒரே செயலை அன்றாட வாழ்வில் நிலைநிறுத்துவதற்காக அமைந்தவை என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: ஷெமா, யூத வழிபாடு, கேட்டல், மிஷ்னா, தல்மூத், ஒருமை, விண்ணரசின் நுகம், ரப்பி அகிவா

முன்னுரை

தமிழில் ‘கேள்’ என்னும் வினை ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ‘வரம் கேட்டான்’ என்னுமிடத்து அது வேண்டுதலைக் குறிக்கிறது. ‘ஓசை கேட்டான்’ என்னுமிடத்துச் செவிப்புலனைக் குறிக்கிறது. ‘தாய் சொல்லைக் கேட்டான்’ என்னுமிடத்து ஏற்று நடத்தலைக் குறிக்கிறது. வழிபாடு என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது வரம் கேட்டலே ஆகும். பிற சமயத்தாரின் வழிபாட்டு வடிவங்களை ஆராய்வோரும் அவற்றை வேண்டுதல் என்னும் பொதுப்பெயருக்குள் அடக்கிவிடுதல் உண்டு.

யூத சமயத்தின் ஷெமா இந்த அடக்கத்திற்கு உட்படுவதில்லை. எபிரேய மொழியில் ‘ஷெமா’ என்பதற்குக் ‘கேள்’ என்பதே பொருள். இச்சொல் செவியால் கேட்டல், பொருள் உணர்தல், கேட்டபடி நடத்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும், வேண்டுதலைக் குறிக்காது. யூத மரபு இவ்வேறுபாட்டைப் பெயரிடுதலிலேயே பேணுகிறது. நின்றுகொண்டு இறைவனை நோக்கிச் சொல்லப்படும் வேண்டுதல் தொகுதி ‘தெஃபில்லா’ அல்லது ‘அமிதா’ எனப்படும். ஷெமாவை ஓதுவது ‘கெரியாத் ஷெமா’, அதாவது ‘ஷெமாவை வாசித்தல்’ எனப்படும். அமிதா வேண்டுதல், ஷெமா வாசிப்பு என்னும் இப்பாகுபாட்டின் பொருளை உணராமல் யூதர்களின் அன்றாட வழிபாட்டு ஒழுங்கை விளங்கிக்கொள்ள இயலாது.

முதல் வசனமும் அதன் சொற்பொருளும்

ஷெமாவின் தொடக்க வசனம், தோரா எனப்படும் ஐந்து நூல்களுள் இறுதியானதில் ஆறாம் அதிகாரத்தின் நான்காம் வசனமாக உள்ளது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இந்நூல் உபாகமம் எனவும் இணைச்சட்டம் எனவும் பெயர் பெற்றுள்ளது. எபிரேய மூலத்தில் இவ்வசனம் ஆறே சொற்களால் ஆனது. மோசே இஸ்ரயேல் மக்களை விளித்துக் கேட்குமாறு பணிப்பது முதற்கூறு. இறைவனைப் பற்றிய கூற்று இரண்டாம் கூறு.

இரண்டாம் கூற்றில் வினைச்சொல் இல்லை. இறைப்பெயர், ‘நம் கடவுள்’ என்னும் பொருளுடைய சொல், மீண்டும் இறைப்பெயர், ‘ஒன்று’ எனப் பொருள்படும் ‘எஹாத்’ ஆகிய நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுவாயும் பயனிலையும் எங்கே பிரிகின்றன என்பதை ஓதுவோரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. இதனால் உரைவேறுபாடுகள் தோன்றின. இறைவன் எண்ணிக்கையில் ஒருவர் என்பது ஒரு பொருள். இஸ்ரயேலுக்கு அவர் ஒருவர் மட்டுமே கடவுள் என்பது மற்றொரு பொருள். இதில் இறைவனின் இயல்பைவிட மக்களின் பற்றுறுதியே முன்னிற்கிறது. இவ்வசனத்தில் காலக் கூறு ஒன்றைக் கண்டவர் ராஷி (1040–1105). இன்று நமக்குக் கடவுளாக உள்ளவர் வருங்காலத்தில் மாந்தர் அனைவராலும் ஒரே கடவுளாக ஏற்கப்படுவார் என்பது அவர் உரையின் சாரம்.

மைமோனிதீஸ் (1138–1204) மெய்யியல் நோக்கில் இதனை விளக்கினார். ஓர் இனத்திற்குள் பல உறுப்புகள் இருப்பதுபோன்ற ஒருமையோ, பகுதிகளாகப் பிரிக்கத்தக்க உடலின் ஒருமையோ இறைவனுக்கு இல்லை. அவ்வொருமைக்கு உலகில் ஒப்பேதும் இல்லை என்பது அவர் கொள்கை. இறையொருமையை அறிதலைத் தோராவின் கட்டளைகளுள் ஒன்றாகவே அவர் எண்ணினார்.

தோராச் சுருளை எழுதும் மரபில் இவ்வசனத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. முதற்சொல்லின் இறுதி எழுத்தான ‘அயின்’, கடைசிச் சொல்லின் இறுதி எழுத்தான ‘தாலெத்’ ஆகிய இரண்டும் பிற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதப்படுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்தால் ‘சாட்சி’ எனப் பொருள்படும் ‘ஏத்’ என்னும் சொல் கிடைக்கும். வசனத்தை ஓதுபவர் சாட்சியாகிறார் என்பது மரபுவழி விளக்கம். நடைமுறைக் காரணம் ஒன்றும் கூறப்படுகிறது. எபிரேயத்தில் ‘தாலெத்’, ‘ரேஷ்’ ஆகிய எழுத்துகள் வடிவில் நெருங்கியவை. தாலெத் ரேஷ் ஆக மாறினால் ‘ஒன்று’ என்னும் சொல் ‘வேறொன்று’ என்று ஆகிவிடும். ஒருமையைச் சொல்ல வந்த வசனம் நேர்மாறான பொருளைத் தந்துவிடாமல் காப்பது ஓர் எழுத்தின் சிறு மூலையே ஆகும்.

மூன்று பகுதிகளின் உள்ளடக்கம்

ஷெமா ஒரு வசனத்தோடு முடிவதில்லை. தோராவின் மூன்று பகுதிகள் சேர்ந்ததே முழு ஷெமா.

முதற்பகுதி (உபாகமம் 6:4–9) தனிமனிதரை ஒருமையில் விளிக்கிறது. முழு இதயத்தோடும் முழு உயிரோடும் முழு ஆற்றலோடும் இறைவனிடம் அன்பு செலுத்துமாறும், இச்சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறும், வீட்டிலும் வழியிலும் படுக்கும்போதும் எழும்போதும் இவற்றைப் பேசுமாறும் அது பணிக்கிறது. இவற்றைக் கையிலும் நெற்றியிலும் அடையாளமாகக் கட்டுதலும் கதவுநிலைகளில் எழுதுதலும் இப்பகுதியின் இறுதிக் கட்டளைகள்.

இரண்டாம் பகுதி (உபாகமம் 11:13–21) பெரும்பாலும் பன்மையில் அமைந்தது. அது சமூகத்தை நோக்கிப் பேசுகிறது. கட்டளைகளைக் கேட்டு நடந்தால் உரிய பருவத்தில் முன்மாரியும் பின்மாரியும் பெய்யும். தானியமும் திராட்சை இரசமும் எண்ணெயும் கிடைக்கும். கால்நடைக்குப் புல் விளையும். வேறு தெய்வங்களை நாடினால் வானம் அடைபட்டு நிலம் விளைவு தராது என்பது எச்சரிக்கை.

மூன்றாம் பகுதி (எண்ணாகமம் 15:37–41) ஆடையின் மூலைகளில் ‘சிட்சித்’ எனப்படும் குஞ்சங்களைக் கட்டி, அவற்றில் நீல இழை ஒன்றைச் சேர்க்கப் பணிக்கிறது. அவற்றைக் காணும்போது கட்டளைகள் நினைவுக்கு வரவேண்டும். இதயமும் கண்களும் இழுத்த வழியில் மனிதர் செல்லாதிருக்க வேண்டும். எகிப்தின் அடிமைநிலையிலிருந்து பெற்ற விடுதலையை நினைவூட்டி இப்பகுதி நிறைவுறுகிறது.

இவ்வரிசைக்கு ரப்பி யோசுவா பென் கோர்ஹா தந்த விளக்கத்தை மிஷ்னா பதிவு செய்கிறது. மனிதர் முதலில் ‘விண்ணரசின் நுகத்தை’ ஏற்கவேண்டும். அதன்பின்னரே ‘கட்டளைகளின் நுகத்தை’ ஏற்கவேண்டும். ஆதலின் முதற்பகுதி முன்னும் இரண்டாம் பகுதி பின்னும் வைக்கப்பட்டன. நுகம் என்னும் உருவகம் கருதத்தக்கது. உழவுமாடு நுகத்தை ஒருமுறை ஏற்றால் போதாது. ஒவ்வொரு நாளும் ஏற்கவேண்டும்.

பகுதிகளை இணைத்து நோக்கினால் இன்னோர் ஒழுங்கும் புலப்படும். முதற்பகுதி செவியில் தொடங்குகிறது. மூன்றாம் பகுதி கண்ணுக்கு வருகிறது. இடையில் கை, நெற்றி, கதவுநிலை, வீடு, வழி, மழை, வயல் ஆகியவை இடம்பெறுகின்றன. கேட்ட சொல் படிப்படியாகக் காணப்படும் பொருளாக மாறுகிறது. இம்மாற்றமே வழிபாட்டுப் பொருள்களாகவும் வடிவம் பெற்றது. முதலிரு பகுதிகளை எழுதிய தோல் ஏடு ‘மெசூசா’ என்னும் பெயரில் கதவுநிலையில் பொருத்தப்படுகிறது. இவ்விரண்டோடு யாத்திராகமத்தின் இரு பகுதிகளும் எழுதப்பட்டு, ‘தெஃபிலின்’ எனப்படும் தோற்பேழைகளில் வைக்கப்பட்டுக் கையிலும் தலையிலும் கட்டப்படுகின்றன.

வரலாற்றுச் சான்றுகள்

ஷெமாவை வழிபாட்டில் ஓதும் வழக்கம் பழமையானது என்பதற்குப் பல சான்றுகள் உள்ளன. எகிப்தில் கிடைத்த ‘நாஷ் பாப்பிரஸ்’ என்னும் ஏடு கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள இவ்வேட்டில் பத்துக் கட்டளைகளும் அவற்றைத் தொடர்ந்து ஷெமாவின் தொடக்கமும் எழுதப்பட்டுள்ளன. 1947இல் சாக்கடல் சுருள்கள் வெளிப்படத் தொடங்கும் வரை அறியப்பட்ட எபிரேய விவிலியக் கையெழுத்து ஏடுகளுள் இதுவே மிகப் பழையது. தோராவில் இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. அவை ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்பதால், இவ்வேடு வழிபாட்டிற்கோ கற்பித்தலுக்கோ பயன்பட்டிருக்கக்கூடும்.

எருசலேம் ஆலயத்தில் குருமார் காலைப் பணியின்போது பத்துக் கட்டளைகளையும் ஷெமாவின் மூன்று பகுதிகளையும் ஓதினர் என மிஷ்னாவின் ‘தாமித்’ பிரிவு கூறுகிறது. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் பலிகள் நின்றன, ஷெமா தொடர்ந்தது. ஆனால் பத்துக் கட்டளைகள் அன்றாட ஓதுதலிலிருந்து நீங்கின. சீனாய் மலையில் அருளப்பட்டவை அவை மட்டுமே என்று மாற்றுக் கொள்கையினர் வாதிட இடமளிக்கக்கூடாது என்பது தல்மூத் கூறும் காரணம். எதை ஓதுவது என்னும் முடிவுக்குப் பின்னால் எதைச் சமயத்தின் மையம் எனக் கொள்வது என்னும் கொள்கைப் பூசல் இருந்தமையை இது காட்டுகிறது. கிறித்தவ மரபிலும் இவ்வசனத்திற்கு இடமுண்டு. முதன்மையான கட்டளை எது என்னும் வினாவுக்கு இயேசு ஷெமாவைக் கொண்டே விடை தொடங்குவதாக மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது.

ஓதும் காலம்

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் முதற்பிரிவு ‘பெராகோத்’. அதன் முதல் வரியே, மாலையில் ஷெமாவை எப்போதிலிருந்து ஓதலாம் என்னும் வினாவாகும். யூதச் சட்ட இலக்கியம் முழுவதும் இவ்வினாவில் தொடங்குகிறது எனலாம். கடவுள் உண்டா, அவர் இயல்பு யாது என்னும் வினாக்களோடு அது தொடங்கவில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்ட சொல்லை எந்த நேரத்தில் கேட்பது என்பதே அதன் முதல் அக்கறை.

படுக்கும்போதும் எழும்போதும் பேசுக என்னும் கட்டளையே இரு வேளைகளுக்கும் அடிப்படை. தூய்மை பெற்ற குருமார் தம் காணிக்கை உணவை உண்ணச் செல்லும் அந்தி நேரம் மாலை ஓதுதலின் தொடக்கம். அதன் எல்லையைப் பற்றி மூன்று கருத்துகள் இருந்தன. இரவின் முதற் காவல்வேளை முடியும்வரை என்றார் ரப்பி எலியேசர். நள்ளிரவு வரை என்றனர் அறிஞர் பெரும்பான்மையோர். விடியல் வரை என்றார் ரப்பான் கமாலியேல். விருந்திலிருந்து காலந்தாழ்த்தி வந்த தம் மைந்தர்கள் இன்னும் ஓதவில்லை என்றபோது, விடியவில்லையெனில் கடமை எஞ்சியுள்ளது என அவர் கூறியதையும் மிஷ்னா இணைத்துரைக்கிறது. மனிதரைத் தள்ளிப்போடுதலிலிருந்து காப்பதே நள்ளிரவு எல்லையின் நோக்கம் எனவும் அங்கு விளக்கப்படுகிறது.

காலை ஓதுதலின் தொடக்கம் ஒளியால் அளக்கப்படுகிறது. நீலத்தையும் வெண்மையையும் பிரித்தறிய இயலும் நேரம் அதுவென்பது மிஷ்னாவின் விடை. சிட்சித் குஞ்சத்தின் நீல, வெண் இழைகளோடு இதனை இணைத்து விளக்குவர். தல்மூத் தரும் மற்றோர் அளவுகோல், அறிமுகமான ஒருவரை நான்கு முழத் தொலைவில் அடையாளம் காண இயலும் நேரம் என்பதாகும். பிற்காலச் சட்டநூலான ‘ஷுல்ஹான் அரூக்’ இதனையே ஏற்றது. பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் மூன்றாம் மணி முடிவே காலை ஓதுதலின் எல்லை. அரசகுமாரர் அந்நேரத்தில்தான் எழுவர் என்பது ரப்பி யோசுவா கூறிய காரணம்.

குரல், உடல், உள்ளம்

ஷெமா எவ்வாறு ஓதப்பட வேண்டும் என்பது பற்றிய விதிகளில் கேட்டல் என்னும் கருத்து வெளிப்படையாகவே விவாதிக்கப்படுகிறது. தன் காதில் விழாமல் ஓதியவர் கடமையை நிறைவேற்றியவராவார் என்பது மிஷ்னாவில் உள்ள ஒரு கருத்து. ரப்பி யோசே இதனை மறுத்தார். பிற்காலச் சட்டம் இருவரையும் இணைத்தது. தன் செவிக்குக் கேட்குமாறு ஓதுவதே முறை. உதடுகளால் ஒலித்திருந்தால் காதில் விழாவிடினும் கடமை நிறைவேறும். உள்ளத்தால் மட்டும் நினைத்தல் இயல்பான நிலையில் போதாது. ஓதுபவரே பேசுவோராகவும் கேட்போராகவும் ஆகும் இவ்விரட்டை நிலையே ஷெமாவின் தனித்தன்மை.

ஒலிப்புத் துல்லியமும் இதனால் இன்றியமையாததாகிறது. ஒரு சொல்லின் இறுதி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடைவிட்டு ஒலிக்கவேண்டும் எனத் தல்மூத் எடுத்துக்காட்டுகளோடு கூறுகிறது. மூன்றாம் பகுதியில் வரும் ‘திஸ்கெரு’ என்னும் சொல்லுக்கு ‘நினைப்பீர்கள்’ என்று பொருள். அதன் நடு மெய், தமிழெழுத்தில் காட்டவியலாத ‘சாயின்’ என்னும் அதிர்வொலியாகும். அதனை அதிர்வின்றி ஒலித்தால் ‘கூலி பெறுவீர்கள்’ என்னும் பொருள் வந்துவிடும். நினைவுக்காகச் செய்யப்படும் செயல் கூலிக்காகச் செய்யப்படுவதாக ஒலித்துவிடக்கூடாது என்று எருசலேம் தல்மூத் எச்சரிக்கிறது.

மொழி பற்றிய விதியும் இத்தகையதே. ஷெமாவை எம்மொழியிலும் ஓதலாம் என மிஷ்னாவின் ‘சோத்தா’ பிரிவு அனுமதிக்கிறது. ‘கேள்’ என்பதற்கு ‘விளங்கிக்கொள்’ என்னும் பொருளும் இருப்பதால், விளங்கும் மொழி எதுவும் ஏற்புடையது என அறிஞர் வாதிட்டனர். யூதா ஹநாசி எபிரேயமே வேண்டும் என்றார். செசரியா நகரில் ஷெமாவைக் கிரேக்கத்தில் ஓதக்கேட்ட ஒருவர் தடுக்க முனைந்ததையும், எபிரேயம் அறியாதவர் ஓதாமலே இருந்துவிட வேண்டுமா என ரப்பி யோசே சினந்து வினவியதையும் எருசலேம் தல்மூத் குறிப்பிடுகிறது. ஒலியைக் காப்பதா, விளக்கத்தைக் காப்பதா என்னும் இச்சிக்கல் புனித மொழி கொண்ட சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. எபிரேயத்தில் ஓதும் வழக்கமே பிற்காலத்தில் நிலைத்தது. எனினும் பிறமொழி அனுமதி சட்டத்தில் நீக்கப்படவில்லை.

உடல்நிலை குறித்து ஷம்மாய், ஹில்லேல் என்னும் இரு கருத்துப்பள்ளிகள் முரண்பட்டன. படுக்கும்போதும் எழும்போதும் என்னும் சொற்களை நேர்ப்பொருளில் கொண்ட ஷம்மாய் பள்ளியினர், மாலையில் சாய்ந்தும் காலையில் நின்றும் ஓதவேண்டும் என்றனர். அச்சொற்கள் காலத்தையே குறிக்கின்றன. அவரவர் இருக்கும் நிலையிலேயே ஓதலாம் என்றனர் ஹில்லேல் பள்ளியினர். வழியிலே சாய்ந்து ஓதியதால் கள்வரின் ஆபத்துக்கு ஆளானதாக ரப்பி தர்ஃபோன் கூறியபோது, ஹில்லேல் பள்ளியின் முடிவை மீறியதற்கு அது தகும் என மற்றவர் கூறினர். நடைமுறையில் ஹில்லேல் பள்ளியின் கருத்தே நிலைபெற்றது.

உள்ள ஒருமைப்பாடு ‘கவ்வனா’ எனப்படும். முதல் வசனத்திற்கு இது கட்டாயமானது. கவனமின்றி ஓதினால் அவ்வசனம் ஓதப்பட்டதாகாது. அதனை ஓதும்போது வலக்கையால் கண்களை மூடும் வழக்கம், கற்பித்துக்கொண்டிருந்த யூதா ஹநாசி ஷெமாவின் நேரத்தில் தம் கையை முகத்தின்மேல் வைத்தார் என்னும் தல்மூத் செய்தியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ‘எஹாத்’ என்னும் சொல்லை நீட்டி ஒலித்தலும் மரபு. காலையில் சிட்சித் குஞ்சங்கள் கையில் திரட்டிப் பிடிக்கப்படுகின்றன. மூன்றாம் பகுதியில் அவை கண்ணால் நோக்கி முத்தமிடப்படுகின்றன. கண்ணை மூடிக் கேட்டலில் தொடங்கிய ஓதுதல், கண்ணைத் திறந்து காண்டலில் முடிகிறது.

முதல் வசனத்திற்குப்பின், இறையரசின் மாட்சியை வாழ்த்தும் தொடர் ஒன்று தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது. இது தோராவில் இல்லாதது; ஆலயத்தில் தலைமைக்குரு இறைப்பெயரை உச்சரித்தபோது மக்கள் எழுப்பிய மறுமொழி என மிஷ்னாவின் ‘யோமா’ பிரிவால் அறியலாம். மரணப்படுக்கையில் இருந்த யாக்கோபு தம் மைந்தரின் உறுதிமொழியைக் கேட்டு இதனைச் சொன்னார் எனத் தல்மூத் கூறுகிறது. யாக்கோபு சொன்னார் என்பதால் விடவும் இயலாது. மோசே எழுதவில்லை என்பதால் உரக்கச் சொல்லவும் இயலாது. எனவே தாழ்குரல் இடைவழியாயிற்று. யோம் கிப்பூர் நாளில் மட்டும் அது உரக்க ஒலிக்கிறது.

ஷெமாவைச் சூழ்ந்த இறைவாழ்த்துகள்

ஷெமா தனித்து நிற்பதில்லை. காலையில் முன்னே இரண்டும் பின்னே ஒன்றும், மாலையில் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக ஏழு இறைவாழ்த்துகள் அதனைச் சூழ்ந்துள்ளன. முதலாவது ஒளியையும் இருளையும் படைத்தமை பற்றியது. இரண்டாவது தோராவை அருளிய அன்பு பற்றியது. ஷெமாவுக்குப் பின்வருவது எகிப்திய விடுதலை பற்றியது. மாலையில் மட்டும் இரவுக் காவலுக்கான வாழ்த்து கூடுதலாக உண்டு. இவ்வாறு படைப்பு, வெளிப்பாடு, மீட்பு என்னும் வரிசையில் ஷெமா பதிக்கப்பட்டுள்ளது.

காலை வழிபாட்டில் விடுதலை பற்றிய வாழ்த்து முடிந்தவுடன் இடைநிறுத்தமின்றி அமிதா தொடங்கவேண்டும் என்பது கண்டிப்பான விதி. அறிவு, மன்னிப்பு, நலம், விளைச்சல் முதலியவற்றுக்கான வேண்டுதல்கள் வார நாள்களின் அமிதாவில்தான் வருகின்றன. முதலில் சொல் கேட்டல். அதன்பின்னரே வரம் கேட்டல். ஷெமா மன்றாட்டு அன்று என்பதற்கும், அதுவே மன்றாட்டுக்கு வாயிலாக அமைகிறது என்பதற்கும் இவ்வைப்பு முறையே தெளிவான சான்று.

கடமையும் விலக்கும்

வாழ்வின் நெருக்கடிகளில் இக்கடமை எவ்வாறு செயற்படும் என்பதை மிஷ்னா நுட்பமாக ஆராய்கிறது. மரத்தின் உச்சியிலோ கட்டடத்தின் கல்வரிசை மீதோ வேலை செய்வோர் இறங்காமலே ஷெமாவை ஓதலாம். அமிதாவை அவ்வாறு சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. சொல்லைக் கேட்டல் வேலையின் நடுவிலும் இயலும் என்பது இதன் கருத்து.

அடக்கம் செய்யப்படாத உறவினரின் உடல் முன்னே இருப்பவருக்கு ஷெமாவிலிருந்து விலக்கு உண்டு. துயரத்தால் சிதறிய உள்ளத்தையும் இறந்தவருக்குரிய கடமையையும் சட்டம் மதிக்கிறது. மணமகனுக்கு முதலிரவில் விலக்குண்டு. ஆயினும் ரப்பான் கமாலியேல் தம் மணநாள் இரவில் ஓதினார். விண்ணரசின் நுகத்தை ஒரு பொழுதும் இறக்கிவைக்க இயலாது என்பது தம் மாணாக்கர்க்கு அவர் தந்த விடையின் சாரம். பிற்காலச் சட்டம் மணமகனின் விலக்கை நீக்கியது. ஏனையோரும் முழுக்கவனத்தோடு ஓதாத காலத்தில், கவனச்சிதறலைக் காரணம் காட்டி மணமகனுக்கு மட்டும் விலக்களிப்பது பொருந்தாது என அது கருதியது.

பெண்களுக்கு ஷெமா கட்டாயமன்று. காலவரையறையுடைய கட்டளைகளிலிருந்து அவர்களுக்குப் பொதுவாக விலக்குண்டு என்பது காரணம். அதே மிஷ்னா அமிதாவும் மெசூசாவும் அவர்களுக்கும் கடமை என்கிறது. விண்ணரசின் நுகத்தை ஏற்றல் பொருட்டுப் பெண்களும் ஓதுவது தகும் என ஷுல்ஹான் அரூக் பரிந்துரைக்கிறது. ஆண், பெண் சமநிலையை ஏற்கும் இன்றைய யூதப் பிரிவுகளில் இவ்வேறுபாடு கைவிடப்பட்டுள்ளது.

உயிரின் எல்லையில் ஷெமா

முழு இதயம், முழு உயிர், முழு ஆற்றல் என்னும் மூன்றையும் மிஷ்னா தனித்தனியே விளக்குகிறது. இதயம் என்பது நன்னாட்டம், தீநாட்டம் ஆகிய இரண்டும். ஆற்றல் என்பது உடைமை. முழு உயிர் என்பது உயிரையே எடுத்துக்கொண்டாலும் என்னும் பொருளது.

இவ்விளக்கம் ரப்பி அகிவாவின் மரணத்தில் நிகழ்வாக ஆனதைப் பாபிலோனியத் தல்மூத் கூறுகிறது. தோரா கற்பித்தலைத் தடைசெய்த உரோமை அரசு அவரைச் சிறைப்பிடித்தது. அவரைக் கொல்லக் கொண்டுசென்ற வேளை ஷெமா ஓதும் நேரமாக இருந்தது. இரும்புச் சீப்புகளால் அவர் உடல் கிழிக்கப்பட்டபோது அவர் ஷெமாவை ஓதினார். இந்நிலையிலுமா என மாணாக்கர் வினவினர். ‘முழு உயிர்’ என்னும் தொடர் வாழ்நாள் முழுவதும் தம்மை வருத்தியதாகவும், அதனை நிறைவேற்றும் வாய்ப்பு இப்போதே கிட்டியதாகவும் அவர் விடையிறுத்தார். ‘எஹாத்’ என்னும் சொல்லை நீட்டி ஒலிக்கையில் அவர் உயிர் பிரிந்தது. இந்நிகழ்ச்சியில் கருதவேண்டியது நேரம் பற்றிய குறிப்பே. அகிவா மரணத்திற்காக ஒரு மந்திரத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. அந்த நேரத்தின் அன்றாடக் கடமையைச் செய்தார். தேவர்களும் இறைவனிடம் இதுவா தோராவின் பரிசு என வினவியதாகத் தல்மூத் தொடர்வதால், இத்துன்பத்தை மரபு எளிதில் நியாயப்படுத்திவிடவில்லை என்பதும் அறியத்தக்கது.

இதன்பின் மரணவேளையில் முதல் வசனத்தைச் சொல்வது யூதர்களின் பரவலான வழக்கமாயிற்று. குழந்தைகளுக்கு முதலில் கற்பிக்கப்படும் வசனமும் இதுவே. உறங்கும்முன் சொல்லப்படுவதும் இதுவே.

இந்தியச் சூழலிலும் இதற்கொரு சான்று உண்டு. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) எனப்பட்ட பெனே இஸ்ரயேல் சமூகத்தார், பிற யூதர்களோடு நெடுங்காலம் தொடர்பற்றிருந்தனர். நூல்களும் எபிரேயப் புலமையும் மறைந்த நிலையிலும் ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதிகள் சில ஆகியவற்றோடு ஷெமாவின் முதல் வசனத்தையும் அவர்கள் காத்துவந்தனர் என்பது அச்சமூகத்தின் மரபுச் செய்தி. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய சடங்குகள் அனைத்திலும் அவ்வசனமே ஓதப்பட்டது. ஏடு இல்லாத இடத்திலும் செவிவழியாக நிலைக்கும் தன்மை ஷெமாவுக்கு உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாம் பகுதி பற்றிய இன்றைய விவாதம்

கீழ்ப்படிந்தால் மழை, மீறினால் வறட்சி என்னும் இரண்டாம் பகுதி நவீன காலத்தில் சிக்கலுக்குள்ளாயிற்று. நல்லோர் துன்புறுதலை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியுள்ளது. சீர்திருத்த யூதப் பிரிவின் வழிபாட்டு நூல்கள் பலவும் இப்பகுதியை விட்டுவிட்டன. மரபுவழிப் பிரிவுகள் இதனை முழுமையாக ஓதுகின்றன. இப்பகுதி சமூகத்தைப் பன்மையில் விளிப்பதால், தனிமனிதரின் துன்பத்திற்கு அவரது குற்றமே காரணம் எனக் கொள்ள வேண்டியதில்லை என்பது ஒரு விடை. நிலமும் மழையும் மக்களின் நடத்தையோடு பிணைந்துள்ளன என்னும் கருத்தைச் சூழலியல் நோக்கில் மீட்டெடுப்போரும் உளர்.

நீக்கியவர்களும் காத்தவர்களும் இங்கு ஒரே கருத்திலிருந்தே தொடங்குகின்றனர். பொருளுணராது ஒலித்துவிட்டுச் செல்லத்தக்க சொற்களாக ஷெமா கருதப்பட்டிருந்தால், இப்பகுதியைப் பற்றிய மனப்போராட்டமே எழுந்திராது. கேட்பவர் தாம் கேட்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதாலேயே இவ்விவாதம் தொடர்கிறது.

முடிவுரை

ஷெமா இறைவனிடம் எதையும் வேண்டாத வழிபாடு. தோராவின் மூன்று பகுதிகளை ஓதுவோர் தம் வாயாலேயே தமக்குச் சொல்லித் தாமே கேட்கும் முறை அது. ஓதும் நேரத்தைப் படுக்கையோடும் விடியலோடும் பிணைத்தமை, தன் செவிக்குக் கேட்குமாறு ஓதவேண்டும் என்றமை, விளங்கும் மொழியை அனுமதித்தமை, எழுத்தையும் ஒலியையும் காத்தமை, தொழிலாளிக்கு மரத்தின் மீதே இடமளித்தமை, சிதறிய உள்ளத்தோடு துயருறுவோருக்கு விலக்களித்தமை ஆகிய அனைத்தும் கேட்டல் உண்மையாக நிகழவேண்டும் என்னும் அக்கறையிலிருந்து தோன்றியவை.

ஷெமாவைக் கொள்கை வாசகமாக மட்டும் ஆராய்ந்தால் ஒருகடவுட் கோட்பாட்டின் சுருக்கமாகவே அது தோன்றும். நடைமுறையோடு இணைத்து ஆராயும்போது, அக்கோட்பாடு நாளுக்கு இருமுறை செவியிலும் கையிலும் கதவுநிலையிலும் புதுப்பிக்கப்படும் கடப்பாடாக விளங்குகிறது. சமய ஒப்பாய்வில் வழிபாட்டை வேண்டுதல் என்னும் ஒரே வகைக்குள் அடக்காமல், சொல்லைக் கேட்டல் என்னும் வகையையும் தனியே கொள்ளவேண்டும் என்பதற்கு ஷெமா வலுவான சான்றாகிறது. தமிழின் ‘கேள்’ என்னும் வினை வேண்டுதலையும் செவிமடுத்து நடத்தலையும் ஒருங்கே தாங்குவதால், இவ்விருவகை வழிபாட்டின் வேறுபாட்டையும் தொடர்பையும் தமிழில் விளக்குவதற்கு அது தக்க கருவியாகும்.